விரிச்ச கைக் காடு

ஒரு காலத்துல, வெள்ளக்காரன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலத்துல, உப்போடைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல, நாம உக்காந்திருக்கிற இதே உப்போடைதான். சர்வேயர் சார், டேப்பச் சுருட்டி வச்சிட்டு, செருப்பையும் கழட்டிட்டு இப்பிடி வேலமரத்து நெழலுக்கு வாங்க. நீங்க குடுத்த பாட்டில் தண்ணியில ஒரு வாய் கீழ ஊத்திட்டு நான் குடிச்சேன். உங்க மூஞ்சி ஒரு மாதிரிப் போச்சு. பாட்டில்ல ஏதும் பூச்சி கெடக்கான்னு கேட்டீங்க. ஒண்ணும் கெடக்கல. அதுக்கு முந்தி, இந்தக் காடு ஏன் நாப்பது துண்டாக் கெடக்கு, வெள்ளாம நெலத்த விட வரப்பு அதிகமா இருக்கேன்னும் கேட்டீங்க. ரெண்டுக்கும் ஒரே பதிலுதான். எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திச் சொல்லுவாங்க. நான் சொல்றதுதான் சரி.

அப்போ உப்போடை சிலையனேரி அரமனைக்குச் சேந்த ஊரு. ஊருக்குக் கெழக்க எங்க சனம் முப்பத்தொம்பது குடும்பம் இருந்துச்சாம். அத்தனை குடும்பமும் அரமனைக்கு அடிமை. கூலிக்குப் போனாங்கன்னு நெனைச்சிராதீங்க. கூலின்னா இன்னிக்குப் போவோம், நாளைக்குப் போக மாட்டோம். இது அடிமை. ஒரு காட்ட வித்தா, மாடு இத்தன, கலப்பை இத்தன, ஆளு இத்தனன்னு காட்டோட சேத்து ஆளையும் எழுதிக் குடுப்பாங்களாம். அண்ணன் ஒரு ஊருக்குப் போவான், தம்பி ஒரு ஊருக்குப் போவான். அழுதாலும் போகணும்.

அந்தச் சனத்துல உலகின்னு ஒரு பொம்பள. அவ யாரையும் நம்ப மாட்டாளாம். குடுத்த கஞ்சிய மோந்து பாப்பா. அளந்து போட்ட கம்ப மோந்து பாப்பா. புதுச்சேலை குடுத்தா அதையும் மோந்து பாப்பாளாம். அதனால அவளுக்கு மோப்பக்காரின்னு பேரு வச்சு, போற வர்றவங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க. ஆனா அவ சும்மா மோந்து பாக்கல. அவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது, எலிக்குன்னு எட்டிக்கொட்டைய அரைச்சுக் கலந்து வச்சிருந்த சோளத்த, அரமனை ஆளு ஒருத்தன் தெரிஞ்சு போட்டானோ தெரியாமப் போட்டானோ, எங்க சனத்துக்கு அளந்து போட்டுட்டான். அதக் கூழாக் காச்சிக் குடிச்ச அவ ஆத்தாளும் தம்பியும் அன்னிக்கே போய்ச் சேந்துட்டாங்க. இவ ஆட்டுக்குப் பின்னால போயிருந்ததால தப்பிச்சா. அதுலருந்து எது வந்தாலும் மொதல்ல மூக்குக்குத்தான் போகும்.

அவ புருசன் தவசி, அவளுக்கு நேர் எதிரு. யாரு என்ன சொன்னாலும் சரிம்பான். நல்ல மனுசன்தான், ஆனா ரொம்ப நல்ல மனுசன். சனத்துக்கு அவன்தான் தலையாளு. அவங்களுக்கு ஒரே மகன், காத்தான். எட்டு வருசம் கோயிலு கோயிலாப் போய் வேண்டிப் பெத்த பிள்ளையாம். உலகி அவன் ஒருத்தனத்தான் மோந்து பாக்காம நம்புனான்னு சொல்லுவாங்க.

அப்பிடி இருக்கையில அரமனையில பெரியவரு செத்துப் போனாரு. அவருக்கு ரெண்டு மக்க. பெரிய தொரை கோட்டையப் பூட்டிக்கிட்டு, பட்டம் எனக்குத்தான்னுட்டான். சின்னத் தொரை வெளிய நின்னுக்கிட்டு, எனக்குத்தான்னான். ஒரு வயித்துல பொறந்தவங்க ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டாங்க. ஊரே ரெண்டாப் போச்சு. மாமன் அந்தப் பக்கம், மச்சான் இந்தப் பக்கம். அஞ்சு மாசம் சண்ட நடந்துச்சாம். சின்னத் தொரையால கோட்டைக்குள்ள ஒரு அடி வைக்க முடியல.

ஒருநாக் காலையில சின்னத் தொரை குதிரையில ஏறி எங்க தெருவுக்கே வந்துட்டாரு. அதுவரைக்கும் அரமனைக் காலு எங்க தெருப்பக்கம் வந்ததே இல்ல. தெருமொனையில குதிரைய நிறுத்தி, கூட வந்தவன விட்டுக் கொட்டடிச்சுச் சொல்ல வச்சாராம். கோட்டைக்குள்ள தண்ணி போற மடை எங்க இருக்கு, எப்பிடி அடைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க என் பக்கம் வாங்க. நான் செயிச்சா ஒருத்தனும் அடிமை இல்ல. கெழக்க இருக்கிற கரிசக் காடு அம்புட்டும் உங்களுக்கு. குடும்பத்துக்கு ஒரு ஏரு உழவு நெலம். சண்டையில எவனாவது செத்தா அவனுக்குன்னு தனியா ஒரு பங்கு. தாரை வாங்குன சொந்த மண்ணு உள்ளவன் இந்தப் பாளையத்துல எவனுக்கும் அடிமை இல்ல. இதுதான் கொட்டடிச்சுச் சொன்ன பேச்சு. அந்தக் கடைசிப் பேச்ச மறந்துறாதீங்க சார். பின்னால வேணும்.

சனமெல்லாம் கண்ணுல தண்ணி விட்டுச்சாம். உலகி மட்டும் கூட்டத்துக்குப் பின்னால நின்னு தவசியக் குத்துனா. செயிச்ச பெறகு மறந்துட்டா என்ன செய்யிறதுன்னு கேட்கச் சொன்னா. தவசி பயந்து பயந்து கேட்டான். சின்னத் தொரை சிரிச்சாராம்.

"வாய்ச்சொல்லா விட மாட்டேன்டா. தாரை வாத்துக் குடுப்பேன்."

இங்கதான் சார் வெனையே. தாரைன்னா என்னன்னு எங்க சனத்துக்கு என்ன தெரியும்? எங்க சனத்துக்குத் தெரிஞ்ச தாரை, தப்பட்டையோட சேத்து ஊதுவாங்களே நீளமா ஒரு கொம்பு, அதுதான். சரி, தாரை ஊதி ஊரறியக் குடுக்கப் போறாருன்னு நெனைச்சுக்கிட்டாங்க. நெலம் குடுக்கிறவன் வாங்குறவன் கையில தண்ணிய ஊத்துவான், அந்தத் தண்ணி கை வழியா மண்ணுல விழணும், விழுந்தாத்தான் குடுத்ததாக் கணக்கு, அதுக்குப் பேருதான் தாரைன்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அதுக்கு முன்னால எவன் எங்களுக்கு என்னத்தக் குடுத்தான், நாங்க தெரிஞ்சுக்கிட?

உலகிக்கு மட்டும் அந்தச் சொல்லு இடிச்சுச்சாம். கஞ்சி காச்சையில தவசிகிட்டக் கேட்டிருக்கா.

"தாரைய ஊதுறதுன்னுதான சொல்லுவோம்? அவரு வாக்குறதுன்னுல சொன்னாரு?"

அரமனைப் பேச்சு அப்பிடித்தான் இருக்கும், உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்குன்னு தவசி சடைச்சுக்கிட்டான். அவளும் விட்டுட்டா. அத விட்டதுக்குப் பின்னால ரொம்ப அழுதாளாம்.

சண்டைக்கு எங்க சனம் போச்சு. வேலு கம்பு எதும் இல்ல, மம்பட்டியோட போச்சு. கோட்டைக்குத் தண்ணி போற மடை மண்ணுக்கு அடியில போகுது. அத வெட்டுனவனே எங்க முப்பாட்டன்தான், அதனால எங்கன தோண்டணும்னு தெரியும். மூணு நாளு தோண்டுனாங்க. மூணாம் நாளு மடைவாய அடைக்க உள்ள எறங்குனவன் காத்தான். கல்ல வச்சு அடைச்சுட்டான். ஏறி வர்றதுக்குள்ள கோட்டை மேலருந்து சுட்டுட்டாங்க. பத்துப் பேருக்கு மேல காயம். செத்தது அவன் ஒருத்தன்தான். கோட்டைக்குள்ள தண்ணி இல்லாம ஆறாம் நாளு கதவத் தெறந்துட்டாங்க. பெரிய தொரை தப்பிச்சு மாமனாரு ஊருக்கு ஓடிட்டான். சின்னத் தொரைக்குப் பட்டம் கட்டியாச்சு.

உலகி மகன மடியில போட்டுக்கிட்டு அழவே இல்லையாம். "இவன் மண்ணு இவனுக்கு வரட்டும், அப்பொறம் அழுறேன்"ன்னு சொன்னாளாம். அவளுக்கு அதுக்கப்பொறம் வேற நெனப்பே இல்ல. சாப்புட்டாலும் அதே நெனப்பு, படுத்தாலும் அதே நெனப்பு. காத்தான் பங்கு மண்ணக் கையில வாங்கணும்.

ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு. தவசி அரமனைக்குப் போவான், அடுத்த அமாவாசைக்கும்பாங்க. அடுத்த அமாவாசைக்குப் போனா, பௌர்ணமிக்கும்பாங்க. உலகி போட்டு அரிப்பா. கடைசியில சித்திரை மாசம் ஒரு நாளக் குறிச்சுச் சொல்லி விட்டாங்க.

அன்னிக்கு விடிகாலையில எல்லாரும் கெழக்காட்டுக்கு வந்து நிக்கணும்னு உத்தரவு. நின்னாங்க. சூரியன் ஏறுது, யாரையும் காணோம். சித்திரை வெயிலு, இந்தக் கரிசல்ல முள்ளத் தவிர நெழலுக்குன்னு ஒரு மரம் கெடையாது. உத்தரவு இல்லாம நகரவும் கூடாது. பிள்ளைக அழுது அழுது ஓஞ்சு போச்சு. உச்சி வெயிலுக்குத்தான் அரமனைப் பல்லக்கு வந்துச்சாம். தொரை வர நேரமாயிருச்சுன்னு சிலபேரு சொல்லுவாங்க. வேணும்னேதான் காய விட்டாங்கன்னு சிலபேரு சொல்லுவாங்க. நான் ரெண்டாவதுதான் நம்புவேன். ஏன்னா தொரைக்குப் பக்கத்துல கணக்குப்பிள்ளை சங்கரலிங்கம் நின்னான். அவன் ஒரு வேலைய யோசிக்காமச் செய்ய மாட்டான்.

தொரை எங்கள வரிசையா நிக்கச் சொன்னாரு. கணக்குப்பிள்ளை செம்புக் கெண்டியோட வந்தான். எங்களத் தொடக் கூடாதுல்ல, அதனால உயரக்கத் தூக்கிப் புடிச்சுக் கையில ஊத்துனான். சார், அரமனையில எங்களுக்குத் தண்ணி குடுக்கிற விதமே அதுதான். ஏனத்துல தர மாட்டாங்க. உயரத்துலருந்து ஊத்துவாங்க, நாங்க ரெண்டு கையையும் சேத்து ஏந்தி வாயில வச்சுக் குடிக்கணும். பொறந்ததுலருந்து அப்பிடித்தான் குடிச்சிருக்கோம். தாகத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக் கெடக்கு. பாவம், நம்ம சனம் வெயில்ல நிக்குதேன்னு தொரைக்கு எரக்கம் வந்துருச்சு, தாரை ஊதுறதுக்கு முன்னால தாகத்துக்குத் தண்ணி குடுக்காருன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

மொத ஆளு தவசி. கைய ஏந்துனான், குடிச்சான். கும்புட்டான். ரெண்டாவது ஆளு குடிச்சான். மூணாவது ஆளு குடிச்சான். முப்பத்தொம்பது பேரும் குடிச்சாங்க. ஒரு சொட்டு கீழ சிந்தல. சிந்துற தாகமா அது?

நாப்பதாவதா நின்னவ உலகி. காத்தான் பங்குக்காக அவ கை நீட்டணும்னு சொல்லியிருந்தாங்க. அவ கையில தண்ணி விழுந்துச்சு. விழுந்ததும் வழக்கம்போல மூக்குக்குக் கொண்டு போனா. மஞ்ச வாசம் வந்துச்சாம். என்னமோ பூ வாசமும் வந்துச்சாம். குடிக்கிற தண்ணியில எவன் மஞ்சளப் போடுவான்? அவளுக்கு ஆத்தா குடிச்ச கூழு ஞாபகம் வந்துருச்சு. நிமுந்து பாத்தா. அம்புட்டுப் பேரு குடிச்சப்பயும் கணக்குப்பிள்ளை ஒதட்டுல ஒரு சிரிப்பு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. உலகி விரல விரிச்சுட்டா. தண்ணி அம்புட்டும் கரிசல்ல விழுந்துச்சு. கணக்குப்பிள்ளை ஒதட்டுல இருந்த சிரிப்பு போயிருச்சாம். அத அவ பாத்துட்டா. என்னன்னு புரியல, ஆனா பாத்துட்டா.

அதுக்கப்பொறம் நெசமாவே ஒருத்தன் தாரை ஊதுனான். நீளக் கொம்பு, ரெண்டு தடவ ஊதுனான். சனம் ஆடிருச்சு. தாரை ஊதியாச்சு, நெலம் நமக்குத்தான்னு தூக்கி வச்சு ஆடுச்சாம். அந்தத் தாரைய ஊதச் சொன்னது யாருங்கிறீங்க? கணக்குப்பிள்ளைதான்.

அன்னிக்கிருந்து எங்க சனம் கெழக்காட்டுல கெடந்துச்சு. கருவேல முள்ளு ஆள் உயரத்துக்கு. அத வெட்டி, வேரத் தோண்டி, கல்லப் பொறுக்கி, மேடு தட்டி, ஆவணி கடைசியில காடு பாய் விரிச்ச மாதிரி ஆயிருச்சு. பொரட்டாசி மழைக்கு வெதைக்கணும்னு வெதை கூட வச்சுட்டாங்க. உலகியும் முள்ளு வெட்டுனா. ஆனா ஒருநாளும் சிரிக்கல. வேல செய்ய விட்டு வேடிக்க பாக்கிறாங்கன்னு சொல்லிக்கிட்டே வெட்டுவாளாம். நல்ல நாளுலயும் இவளுக்கு நல்ல பேச்சு வராதான்னு ஏசுவாங்க.

அந்த ஆவணியில அண்ணனும் தம்பியும் சேந்துட்டாங்க.

ஆமா சார். அடிச்சுக்கிட்டவங்க சேந்துட்டாங்க. பெரிய தொரை மச்சினன் மக, சின்னத் தொரை மகனுக்குன்னு பேசி முடிச்சுட்டாங்க. பெரிய தொரை பக்கம் நின்னவங்க எல்லாம் திரும்பி வந்து, எங்களுக்கு நெலம் வேணும்னாங்க. எந்த நெலம் வேணும்? கெழக்காடு வேணும். முள்ளு வெட்டுன காடுல்ல, யாருக்குத்தான் கசக்கும்? மறுநா அரமனை ஆளுக வந்து, காட்ட விட்டு எறங்குங்கன்னாங்க. எங்க சனம் அரமனை வாசலுக்கு ஓடுச்சு.

வாசல்ல தொரை உக்காந்திருந்தாரு. பக்கத்துல அரமனைக் கோயில் பூசாரி இருந்தாரு. கணக்குப்பிள்ளைதான் பேசுனான். தாரை வாத்தது நெசந்தானேன்னு தவசி கேட்டான். நெசந்தான், ஆனா அந்தத் தண்ணி எங்கடா விழுந்துச்சுன்னு அவன் கேட்டான். தவசிக்குப் புரியல. குடிச்சோம் சாமின்னான்.

"குடிச்சீங்க. தாகம் தீந்துச்சு. தாகத்துக்குக் குடுத்த தண்ணிக்கு நெலம் கேப்பீங்களோ?"

வாசல்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்களாம். தாரைன்னா என்னன்னு அப்பத்தான் எங்க சனத்துக்குத் தெரிஞ்சுச்சு. தவசி தன் கையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்ப கூட்டத்துக்குப் பின்னாலருந்து உலகி முன்னால வந்தா. தொரை முன்னால பொம்பள பேசக் கூடாதுதான், பேசுனா.

"என் கைத் தண்ணி மண்ணுல விழுந்துச்சு சாமி. ஊத்துன ஐயாவே பாத்தாரு."

கணக்குப்பிள்ளை பூசாரி மூஞ்சியப் பாத்தான். அப்ப பூசாரி சொன்னாராம், மண்ணுல விழுந்த தாரையத் திரும்ப எடுத்தா எடுத்தவன் வம்சம் வெளங்காதுன்னு. கல்யாணம் நெருங்குற வீடு. வம்சம்னதும் தொரை நெளிஞ்சாரு. சரி, இவளுக்கு மட்டும் ஒரு ஏரு உழவு நெலம், இவ ஒருத்தி அடிமை இல்ல, மத்தவங்க பழையபடி பண்ணைக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு உலகியப் பாத்துச் சிரிச்சாராம். ஒருத்திக்குக் குடுத்து மத்தவங்க வாய அடைச்சுட்டோம்னு நெனப்பு.

அந்த நெனப்பு பலிச்சிருச்சு சார். அரமனை வாசல விட்டு எறங்குறதுக்குள்ளயே சனம் உலகிய ஒரு மாதிரிப் பாத்துச்சு. இவளுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு? கணக்குப்பிள்ளையோட பேசி வச்சிருப்பாளோ? தெருவுக்கு வந்ததும் ஒருத்தி நேராவே கேட்டுட்டா. உலகி மறைக்காமச் சொன்னா. தாரைன்னு தெரியாது, வெசமோன்னு நெனைச்சேன்னா.

"வெசம்னு நெனைச்சியா? அப்ப நாங்க குடிச்சத வேடிக்க பாத்துக்கிட்டு நின்னியா?"

கேட்டது வேற யாரும் இல்ல, தவசி. கட்டுன புருசன். தன் கைக்கு வந்த பெறகுதான் மோந்து பாத்தேன்னு சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லு இடிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனே, யாரு கேட்டீங்கன்னு சொல்லியிருக்கலாம். ஒண்ணும் சொல்லல. ஏன்னா அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு. கையில வந்த பெறகு கத்தியிருந்தா, அம்புட்டுப் பேரும் வாந்தியாவது எடுத்திருப்பாங்கள்ல? அவ கணக்குப்பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுட்டா. ஊர எல்லாம் சந்தேகப்பட்டவ, அன்னிக்குத் தன்னையே சந்தேகப்பட்டாளாம்.

அவ வீட்டுல ஒருத்தரும் நெருப்பு எடுக்க வரல. அவ போற கெணத்தடிக்கு ஒருத்தரும் வரல. தவசி வாசல்ல படுத்துக்கிட்டான், உள்ள வரல. விடிஞ்சா அவனும் மத்தவங்களும் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அரமனைப் பண்ணைக்குப் போவாங்க. இவ மட்டும் தனியாக் காத்தான் காட்டுல நிப்பா. அடிமை இல்லாதவ. யாரோட பேசுறது? எட்டு நாளு அப்பிடி இருந்தாளாம். எட்டாம் நாளு அந்தக் கரிசல்ல உக்காந்து மகனுக்காக அழுதா. மண்ணு வந்துருச்சுல்ல. அழுது முடிச்சப்ப, கொட்டடிச்சுச் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்கு ஞாபகம் வந்துச்சு.

தாரை வாங்குன சொந்த மண்ணு உள்ளவன் எவனுக்கும் அடிமை இல்ல. எம்புட்டு மண்ணுன்னு அதுல சொல்லல.

மறுநாக் காலையில வீடு வீடாப் போனா. வாசல்ல நின்னு, காத்தான் காட்டுக்கு வாங்க, நான் தாரை வாக்கிறேன்னா. ஒருத்தரும் வரல. நம்பல சார். இவ தண்ணியில என்ன இருக்கோன்னு கேட்டவங்களும் உண்டாம். வேற ஒருத்தியா இருந்தா கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பா. இவளுக்குச் சந்தேகம்னா என்னன்னு தெரியும்ல, அதனால கோவம் வரல. மறுபடியும் மொத வீட்டுலருந்து ஆரம்பிச்சா.

"என் தண்ணிய நம்ப வேண்டாம். உங்க பானைத் தண்ணியவே கொண்டாங்க. நான் ஊத்த மட்டும்தான் செய்வேன்."

மொதல்ல தவசிதான் எந்திரிச்சான். தன் பானையத் தூக்கித் தோளுல வச்சுக்கிட்டு அவ பின்னால நடந்தான். அவன் போறதப் பாத்து ஒவ்வொருத்தரா வந்தாங்க.

காத்தான் காட்டுல வரிசையா நின்னாங்க. அகலம் பாத்து, ஒரு ஆளு கைய நீட்டிப் படுத்தா எம்புட்டோ அம்புட்டு அகலத்துக்கு ஒரு துண்டு. உலகி ஒவ்வொருத்தர் பானையிலருந்தும் அள்ளி அவங்க கையிலயே ஊத்துனா. ஊத்துறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே சொல்லுதான் சொன்னா.

"விரல விரி."

விரிச்சாங்க. தண்ணி மண்ணுல விழுந்துச்சு. அடுத்த ஆளு. விரல விரி. விழுந்துச்சு. தவசி கையில ஊத்துறப்ப ரெண்டு பேரும் அழுதாங்களாம்.

இதுல ஒரு கூத்து இருக்கு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பதினேழாவதா நின்னவரு சப்பாணின்னு ஒரு கெழவரு. விரல விரின்னு சொன்னதக் காதுல வாங்குனாரா, வாங்கலையா, பழக்கதோசத்துல தண்ணிய ஏந்தி வாயில வச்சுட்டாரு. உலகி பட்டுன்னு கையில ஒண்ணு போட்டா. பாதி வயித்துக்குப் போச்சு, பாதி மண்ணுல விழுந்துச்சு. அதனால அந்தத் துண்டு மட்டும் பாதி நீளந்தான் இருக்கும். நீங்க இப்ப அளந்தீங்களே, பதினேழாம் துண்டு ஏன் கொறையுதுன்னு ரெண்டு தடவ டேப்பப் போட்டுப் பாத்தீங்களே, அது எங்க துண்டு. சப்பாணி எங்க வம்சத்து ஆளு. இன்னிக்கும் எங்க வீட்டுல பொண்ணு எடுக்க வர்றவங்க, பாதி குடிச்ச வீடான்னு கேலி பண்ணிட்டுத்தான் தட்ட மாத்துவாங்க.

சேதி தெரிஞ்சு கணக்குப்பிள்ளை ஆளோட வந்துட்டான். ஒருத்திக்குக் குடுத்த நெலத்த ஊருக்கெல்லாம் பிரிக்கிறதான்னு குதிச்சான். அன்னிக்குக் கெண்டியத் தூக்கி ஊத்துனவன் மூஞ்சிய உலகி நேரா பாத்தா.

"நீங்க எனக்கு வாத்தீங்க. நான் இவங்களுக்கு வாத்தேன். எந்தத் தண்ணி கீழ விழலன்னு சொல்லுங்க சாமி."

அவன் மண்ணப் பாத்தானாம். ஈரமா இருந்துச்சு. தண்ணி விழலைன்னாத்தான் செல்லாதுன்னு அவன்தான் சட்டம் பேசியிருந்தான். போய்த் தொரைகிட்டச் சொன்னான். தொரைக்குக் கொட்டடிச்ச பேச்சு குறுக்க நின்னுச்சு. பாவத்துக்குப் பயந்து விட்டுட்டாருன்னு சொல்லுவாங்க. கெழக்காட்டுல பெரும்பங்கு கையில இருக்கு, கல்யாண நேரத்துல எதுக்கு வம்புன்னு விட்டாருங்கிறது என் கணக்கு. அரமனையில எவனும் பாவத்துக்குப் பயந்ததா நான் கேள்விப்பட்டதில்ல.

அந்தப் பொரட்டாசியிலருந்து எங்க சனத்துல ஒருத்தரும் அடிமை இல்ல. பொழப்பு என்னமோ பழைய பொழப்புதான். அந்தத் துண்டுல ஒரு மரக்கா கம்பு வெளைஞ்சாப் பெருசு. வயித்துக்கு அதே அரமனைக் காட்டுக்குத்தான் போனோம், ஆனா கூலிக்குப் போனோம். புடிக்கலன்னா மறுநா போகல. பிள்ளைய யாரும் எழுதிக் குடுக்கல.

முப்பத்தொம்பது குடும்பத்துக்கு முப்பத்தொம்பது துண்டு போக, நாப்பதாவது துண்ட உலகி யாருக்கும் குடுக்கல. உழவும் விடல. காத்தானுக்குன்னு விட்டுட்டா. அந்தத் துண்டுல தானா மொளச்ச வேலமரத்தோட வாரிசுதான் இந்த மரம். நாம இப்ப உக்காந்திருக்கிறது அவன் மண்ணுல. அதனாலதான் சார், நெழலுக்குன்னாக்கூட செருப்பக் கழட்டிட்டு வரச் சொன்னேன்.

இந்தக் காட்டுக்கு விரிச்ச கைக் காடுன்னு பேரு. உங்க பழைய பதிவுல வேற என்னமோ பேரு போட்டிருக்கும், எங்களுக்கு இதுதான். எங்க தெருவுல பிள்ளைக்கு மொதமொத வெளியாளு கையால தண்ணி குடுக்கையில, ஆத்தாக்காரி பிள்ளை கையப் புடிச்சு, விரல விரின்னு சொல்லி ஒரு வாய் கீழ விடுவா. அப்பொறந்தான் குடிக்க விடுவா. கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, கலெக்டர் ஆபீஸானாலும் சரி. ஓட்டுக் கேட்டு வந்தவன் மோர் குடுத்தாலும் ஒரு வாய் மண்ணுக்கு ஊத்திட்டுத்தான் குடிப்போம். நீங்க நல்லவரோ கெட்டவரோ, எனக்குத் தெரியாது. தப்பா நெனைச்சுக்கிடாதீங்க.

இப்ப நாப்பது துண்டையும் அளந்து ஒரே பட்டாவாப் போடப் போறோம், கீழ ஒரு கையெழுத்து போதும்னு சொன்னீங்கள்ல. போடுறேன். அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல சத்தமாப் படிங்க. ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்திப் படிங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

அதுக்கு முந்தி அப்பிடித் திரும்பிக் கெழக்க பாருங்க. காத்தாடி மெசினு சுத்துதே, அதுக்கும் அங்கிட்டு, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கரிசல் கெடக்கே. அதுக்கு எங்க தெருவுல என்ன பேரு தெரியுமா? அதுதான் சார், நாங்க குடிச்ச காடு.